வாயுவாக்கி ஒப்பந்தப்புள்ளியில் வினையூக்கியையும் எழுதுங்கள்

உயிர்த்திரள் வாயுவாக்கி நிலையங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி வரைவு தயாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். விறகையும் பயிர்க்கழிவையும் குறைந்த காற்றில் சூடாக்கி எரிவாயுவாக மாற்றி, அதைக்கொண்டு எஞ்சினை ஓட்டுபவை இந்த நிலையங்கள். எந்தப் பயிர்க்கழிவு கிடைத்தாலும் உலை ஏற்கவேண்டும் என்று வரைவில் கேட்கிறீர்கள். அறுவடைக்கேற்ப விறகு மாறும் ஊர்களில் அது நியாயமே. ஆனால் அப்போது வாயுவோடு எழும் தார் என்ற பிசுபிசுப்பான பொருளை எங்கே, எதைக்கொண்டு உடைப்பது என்பதும் அதே வரைவில் இருக்கவேண்டும்.

எஞ்சினுக்குப் போகும் வாயுவில் கனமீட்டருக்குத் தார் 100 மில்லிகிராமுக்கும் தூசி 50 மில்லிகிராமுக்கும் கீழே இருக்கவேண்டும் என்பதே பொதுவான அளவு. வாயு மேலிருந்து கீழே பாயும் கீழ்நோக்கு உலையில் காய்ந்த, ஒரே அளவு விறகு போட்டாலும் கனமீட்டருக்கு ஒரு கிராம் அளவுக்குத் தார் வரும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் ஏறும். தண்ணீரில் கழுவினால் தார் அழியாது. ஃபீனால் கலந்த கழிவுநீராகக் குட்டையில் சேரும். வேதிவினையை வேகப்படுத்தும் பொருளான வினையூக்கியோ அதை ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் உடைத்து எஞ்சினுக்கே எரிபொருளாக்கும்.

வினையூக்கிகளில் மலிவானது டோலமைட் என்ற சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த கல். அதை 850 முதல் 900 டிகிரியில் சுட்டபிறகே வேலை செய்யும். சுடும்போது எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கரியமிலவாயுவாய்ப் போய்விடும். ஆகவே கொள்முதலில் சுட்டகல்லின் எடையையே குறிப்பிடுங்கள். 100 கிலோவாட் எஞ்சினுக்கு மணிக்கு ஏறக்குறைய 250 கனமீட்டர் வாயு வேண்டும். 850 டிகிரியில் அது நான்கு மடங்கு விரியும். வாயுவுக்குக் கல்லோடு 0.3 விநாடி தொடர்பு கிடைக்க 85 லிட்டர் கற்படுகை தேவை. உலையைவிட்டு வெளிவரும் வாயுவில் அந்தச் சூடு இராது. படுகைக்கு முன்னால் சிறிது காற்றைச் செலுத்திச் சூட்டை மீட்கவேண்டும். சூடு இறங்கினால் சுண்ணாம்பு கரியமிலவாயுவை மீண்டும் பிடித்துக்கொண்டு செயலிழக்கும். சுட்டகல் மென்மையானது, பொடியாகி வழியை அடைக்கும். எனவே படுகைக்கு முன் தூசியைச் சுழற்றிப் பிரிக்கும் சூடான சைக்ளோனும் இருபுறமும் அழுத்தமானியும் கட்டாயம்.

நிக்கல் இதைவிட வலியது. ஆனால் கந்தகம் பட்டால் நஞ்சேறும். தார் கனமீட்டருக்கு 2 கிராமைத் தாண்டினால் கரி படிந்து மூடிக்கொள்ளும். ஆகவே முதலில் டோலமைட், பிறகே நிக்கல்.

கலப்பு விறகில் பெரிய ஆபத்து சாம்பலில்தான் இருக்கிறது. தென்னை நார்க்கழிவின் பொட்டாசியம் கரியை வேகமாக வாயுவாக்கும். இயற்கையே தந்த வினையூக்கி அது. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. இரண்டையும் சேர்த்தால் பொட்டாசியம் சிலிக்கேட் உருவாகி, வாயுவாக்கும் சூட்டிலேயே உருகி, உலையின் அடியிலுள்ள தட்டியில் கட்டியாய் இறுகும். தனித்தனியே ஓடிய இரண்டும் கலந்தால் உலை நிற்பது இதனால்தான். கூடவே அந்தப் பொட்டாசியத்தின் ஊக்கமும் வீணாகிறது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் போடுவதைத் தவிர்ப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் சுண்ணாம்புக்கல்லோ கயோலின் களிமண்ணோ சேர்த்துச் சோதிக்கவேண்டும்.

பெரிய நிலையங்களுக்கு ஒலிவின் என்ற தாதுவின் மணல் வினையூக்கியாகப் பொருந்தும். ஆஸ்திரியாவின் கியூசிங்கில் 2002இல் தொடங்கிய, 2 மெகாவாட் மின்சாரம் தந்த, மணலை வாயுவால் மிதக்கவைக்கும் பாய்மப் படுகை நிலையம் அதையே பயன்படுத்தியது. டோலமைட்டைவிடக் கடினமானது, புதிதாய் இருக்கையில் ஊக்கம் குறைவு, சாம்பலின் கால்சியம் மேலே படியப்படிய ஊக்கம் அதிகரிக்கும். ஒலிவின் நிறைந்த டியூனைட் பாறை சேலத்திலேயே கிடைக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க நிதி ஒதுக்குங்கள்.

வரைவில் சேர்க்கவேண்டியவை இவை: ஒவ்வொரு பருவத்துக் கலவையையும் 550 டிகிரியில் சாம்பலாக்கி, பொட்டாசியம், சிலிக்கா, கால்சியம், குளோரின் அளவுகளோடு உருகுநிலையும் தரவேண்டும். வினையூக்கிப் படுகையின் சூட்டுப் பதிவு வேண்டும். தாரைக் கழுவுதொட்டிக்கு முன்பே அளக்கவேண்டும். அந்த அளவு தேறாமல் இறுதித்தவணையை விடுவிக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாயுவாக்கி நிலையங்களில் பணிபுரியும் பொறியாளர்கள்