பாறு எத்தனை என்பதோடு, யார் பிள்ளை என்றும் எழுதி வையுங்கள்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு வனத்துறைக்கும்,

வணக்கம். பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகுக்கான 2020–2025 பாதுகாப்புத் திட்டத்தில், புதிய இனப்பெருக்க மையங்களுக்கான மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. இந்தப் பேச்சு வந்தாலே எத்தனை ஜோடி, எத்தனை குஞ்சு என்றுதான் கணக்குப் போடுகிறோம். எந்த ஜோடியின் குஞ்சு என்ற கணக்கும் வேண்டும்.

1990களில் தொடங்கிய அழிவில், 2007க்குள் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. அந்த மிச்சத்திலிருந்துதான் கூண்டுப் பறவைகளே வந்தன. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அதனால் ஹரியானாவின் பின்ஜோர் மையத்தில் முதல் முட்டையை எடுத்து இன்குபேட்டரில் வைத்து, ஜோடியை இன்னொன்று இட வைத்தார்கள். நல்ல உத்திதான், குறை சொல்லவில்லை. ஆனால் எல்லா ஜோடியும் மறுபடி இடுவதில்லை. இடுகிற சில ஜோடிகளின் வாரிசுகளே கூண்டில் பெருகினால், பிறகு காட்டில் ஜோடி சேருபவை எல்லாம் பங்காளிகளாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் பிணந்தின்னிப் பறவையான கலிஃபோர்னியா காண்டோரைப் பாருங்கள். 1987ல் உலகில் மிஞ்சியவை 27, அத்தனையும் கூண்டில். குருத்தெலும்புக் கோளாறால் சில குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே செத்தன. தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மரபணு மறைந்திருந்தால்தான் இது வரும். வம்சாவளிப் பதிவேடு கையில் இருந்ததால், எந்தப் பறவைகளைச் சேர்க்கக்கூடாது என்று பார்க்க முடிந்தது. அப்புறம் ஒரு வேடிக்கை: அதே பதிவேட்டை டிஎன்ஏவோடு ஒப்பிட்டதில், இரண்டு பறவைகளுக்குத் தகப்பனே இல்லை என்று 2021ல் வெளியானது. தாய்கள் ஆணோடு ஒரே கூண்டில் இருந்தும்கூட! கண்ணால் பார்த்து எழுதும் பதிவு போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பின்ஜோர் பறவைகள் மகாராஷ்டிராவின் தடோபா, பெஞ்ச் காடுகளுக்குப் போயின. நாளை எங்கள் நீலகிரிப் பக்கத்து மோயாற்றுக்கும் வரலாம். இங்கே நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அவற்றைப் பிடிக்கவே வேண்டாம். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இறகின் காம்பிலேயே டிஎன்ஏ கிடைக்கும். வடக்கத்திப் பறவைகளோடு அதை ஒப்பிட்டு, முடிவை வெளியிடுங்கள். பெரிய வேறுபாடு இல்லையென்றால் சரி, புது ரத்தம் நல்லதுதான். இருந்தால் அவசரப்படாதீர்கள்.

மாட்டுக்குப் போடும் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்னும் பாறைக் கொல்கிறது; அது இருக்கும்வரை எந்த வம்சமும் பிழைக்காது என்பது தெரியும். டைக்ளோஃபெனாக்குக்கு 2006லும், அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபெனுக்கு 2023லும் தடை போட்டீர்கள். கடைகளில் சோதனையும் தொடரட்டும். அதோடு, பறக்கவிடும் ஒவ்வொரு பாறின் கால் வளைய எண்ணுக்கு நேரே அதன் தாய், தகப்பன் எண்களையும் எழுதி, யாரும் பார்க்கும்படி வெளியிட உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரி அடிவாரத்திலிருந்து ஒரு பறவை ஆர்வலர்