வாட் எண்ணை ஒப்பிடும் முன் கருவிகளை ஒப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் சைக்கிள் பயிற்சியை மண்டபத்துக்குள் வைத்துக்கொள்வதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள், மாலையானால் மழை. பின்சக்கரத்தைக் கழற்றி, மிதிக்கும் சக்தியை அளக்கும் ஸ்மார்ட் டிரெய்னர் என்ற நிலைக்கருவியில் சைக்கிளை மாட்டினால் பிள்ளைகள் பத்திரமாகப் பழகலாம். ஆனால் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது, திரையைப் படம்பிடித்துப் புலனத்தில் அனுப்பிய, மிதிக்கும் சக்தியைக் காட்டும் வாட் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வது பெரும் அநியாயம்.

200 வாட்டில் 3 விழுக்காடு 6 வாட். 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது கிலோவுக்கு 0.12 வாட். தேர்வில் இரண்டு பிள்ளைகளைப் பிரிக்கும் இடைவெளியே அவ்வளவாக இருந்துவிடலாம். டிரெய்னர்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் பிழை வரம்போ 1 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடு வரை போகிறது. அதனால் முதலில் சோதிக்க வேண்டியது கருவியை. ஒரு மன்றத்தில் ஒரே ஒரு ஜோடி பவர் மீட்டர் பெடல், அதாவது வாட்டைத் தானே அளக்கும் மிதிகட்டை, இருந்தாலும் போதும். எல்லா டிரெய்னருக்கும் அதுவே அளவுகோல். டிரெய்னரின் வாட் கணினியில் ஓடும் ஸ்விஃப்ட் என்ற சைக்கிள் பயிற்சி மென்பொருளுக்குப் போகட்டும், பெடலின் வாட் கார்மின் எட்ஜ் போன்ற தனிப் பதிவுக் கருவிக்குப் போகட்டும். ஒரே ஓட்டத்துக்கு ஃபிட் (FIT) எனும் பயிற்சிப் பதிவுக் கோப்புகள் இரண்டு கிடைக்கும்.

அந்தக் கோப்புகளைக் கையால் அனுப்பச் சொன்னால் பாதி வராது. விண்டோஸ் கணினியில் ஸ்விஃப்ட் தன் கோப்புகளை டாக்குமென்ட்ஸ், ஸ்விஃப்ட், ஆக்டிவிட்டீஸ் என்ற கோப்புறையில் போடுகிறது. சிங்க்திங் என்ற இலவச மென்பொருளை அந்தக் கணினியிலும் பயிற்சியாளரின் மடிக்கணினியிலும் நிறுவினால், ஒரே வைஃபையில் இருக்கும்போது புதிய கோப்பு தானாக வந்து சேரும். வெளி இணையம் தேவையில்லை. இணையச் சேவை அடிக்கடி படுத்துவிடும் இடங்களில் இதுவே பெரிய உதவி. இன்புரோகிரஸ்ஆக்டிவிட்டி என்ற கோப்பை மட்டும் சிங்க்திங்கின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஓட்டம் முடியும் முன் எழுதப்படும் அரைகுறைக் கோப்பு அது. எட்ஜ் கருவியை யூஎஸ்பி கம்பியில் செருகினால் கார்மின் கோப்புறைக்குள் அதன் பதிவுகள் இருக்கும். விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையால் நகலெடுப்பவர்கள் மிர் (/MIR) என்ற தெரிவைப் போடவே கூடாது. மூலத்தில் இல்லாத கோப்புகளைச் சேருமிடத்திலும் அது அழித்துவிடும். எட்ஜில் பழைய பதிவுகளை நீக்கிய மறுநாள் மன்றத்தின் சேமிப்பும் காலியாகும்.

ஓட்டப் பதிவுகளைப் பகிரும் ஸ்ட்ராவா செயலி வழியாகவே செய்துவிடலாமே என்பவர்களுக்கு இரண்டு தடைகள். ஒரே நேரத்தில் பதிவான இரண்டாவது கோப்பை அது இரட்டிப்பு என்று தள்ளிவிடும். மேலும் 2024 நவம்பரில் மாற்றிய விதிப்படி, ஒருவருடைய ஸ்ட்ராவா தரவை வெளிச் செயலிகள் அவருக்கு மட்டுமே காட்டலாம். மூலக் கோப்பைக் கையில் வைத்திருப்பதுதான் வழி.

ஒப்பிடும் வேலைக்குப் பைத்தான் நிரல்மொழியில், ஃபிட் கோப்பைப் படிக்கும் ஃபிட்பார்ஸ் நூலகம் போதும். ஒவ்வொரு பதிவிலிருந்தும் நேரம், வாட், மிதி வேகம் மூன்றையும் எடுத்து வினாடிக்கு ஒரு வரியாக அடுக்க வேண்டும். எட்ஜில் பதிவு முறை ஒவ்வொரு வினாடியும் என்று இருக்கட்டும். இங்கே அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் நேரம். ஃபிட் கோப்புக்குள் இருப்பது உலக நேரம், நம் நேரமோ அதைவிட 8 மணி நேரம் கூடுதல். காலை 6.30க்குத் தொடங்கிய ஓட்டம் உள்ளே முந்தைய நாள் இரவு 10.30 என்று இருக்கும். கோப்பின் பெயரில் ஸ்விஃப்ட் போடுவது உள்ளூர் நேரம். பெயரில் உள்ள தேதியையும் உள்ளே உள்ள தேதியையும் கலந்து ஜோடி சேர்த்தால் காலை 8 மணிக்கு முந்திய ஓட்டங்கள் எல்லாம் ஜோடி மாறிப்போகும்.

நேரம் சரியானாலும் வினாடிகள் பொருந்தாது, ஏனெனில் இரண்டின் கடிகாரங்களும் வேறு. ஒரு கோப்பை முன்னும் பின்னும் 15 வினாடி வரை ஒவ்வொரு வினாடியாக நகர்த்தி, வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டல் எங்கே மிகக் குறைவோ அங்கே நிறுத்த வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், ஸ்பிரிண்ட் எனும் முழுவேக மிதி தொடங்கும் இடத்தில் நூற்றுக்கணக்கான வாட் வித்தியாசம் காட்டும். கருவியில் ஒரு குறையும் இருக்காது. இணைப்பு அறுந்த வினாடிகளைச் சுழியமாக எண்ணாதீர்கள். மிதிக்காமல் இருந்த சுழியம் வேறு, பதிவே இல்லாத வெற்றிடம் வேறு.

சோதனை ஓட்டத்துக்கு 10 நிமிடம் சூடேற்றிய பிறகு பெடலைச் சுழியப்படுத்துங்கள், அதாவது சுமை இல்லாதபோது சுழியம் காட்டும்படி அமையுங்கள். சக்கரம் உருளையில் உரசும் வகை டிரெய்னர் என்றால் டயர் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தை வேகமாகச் சுழற்றித் தானாக நிற்கவிட்டு அளவைச் சரிசெய்யும் ஸ்பின்டவுனும் அப்போதே செய்யுங்கள். பிறகு 100, 150, 200, 250 வாட்டில் தலா 3 நிமிடம், கடைசியில் 10 வினாடி ஸ்பிரிண்ட் இரண்டு. சிறுவர்களுக்கு 250 வாட் படியை விட்டுவிடலாம். டிரெய்னரே வாட்டை ஒரே அளவில் பிடித்துவைக்கும் எர்க் முறை அணைந்திருக்க வேண்டும். எர்க்கில் சில டிரெய்னர்கள் உண்மை அளவை வழித்துச் சமன் செய்து அனுப்பும். வரைபடம் கோடு போட்டதுபோல் நேராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

முடிவைப் படிப்பதில்தான் அனுபவம் தெரியும். சங்கிலியில் கொஞ்சம் சக்தி இழக்கப்படுவதால் பெடல் ஏறக்குறைய 2 விழுக்காடு கூடக் காட்டுவது இயல்பு. டிரெய்னர் கூடக் காட்டினால் ஏதோ ஒன்று தவறு. எல்லாப் படியிலும் அதே 8 வாட் வித்தியாசம் என்றால் சுழியப்படுத்தலில் குறை. அதே 4 விழுக்காடு என்றால் அளவீட்டு விகிதத்தில் குறை. நேரம் போகப் போக இடைவெளி விரிந்தால் சூடு காரணம். மின்விசிறி இல்லாத தகரக் கூரை மண்டபத்தில் இதை எதிர்பார்க்கலாம். இடப்பக்கம் மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் மீட்டர் என்றால், இடக்காலில் 52, வலக்காலில் 48 விழுக்காடு என்று மிதிக்கும் பிள்ளையின் 200 வாட் 208 ஆகிவிடும். இரண்டு கோப்புகளும் வாட் பிசகாமல் ஒத்துப்போனால் மகிழ வேண்டாம். ஸ்விஃப்டிலும் பெடலையே வாட் மூலமாக இணைத்திருப்பார்கள். ஒரே கருவியை இரண்டு முறை பதிவு செய்ததுதான் மிச்சம்.

இந்தக் கோப்புகளில் பிள்ளைகளின் இதயத் துடிப்பும் இருக்கலாம். பெற்றோர் சம்மதம் வாங்கிய பிறகே சேமியுங்கள். தேர்வு முடிவைத் தங்கள் நாளிதழுக்கு அனுப்பும் மன்றங்கள், வாட் எண்ணோடு எந்தக் கருவி, எந்தத் தேதியில் ஒப்பிட்டது, எத்தனை விழுக்காடு வித்தியாசம் என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சைக்கிள் பயிற்சி ஆர்வலர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.