எம்.சி. ரோட்டில் கல் பதிக்கும் முன்...

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜவுளிக் கடைகள் நிறைந்த பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டையும் தியாகராய நகர் பாண்டி பஜாரைப் போல நடைபாதை வளாகமாக்கி அழகுபடுத்தும் திட்டம் குறித்து வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இந்தத் தெருவை ஒட்டியே பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்றாலும், இத்திட்டத்தை முழுமனத்தோடு வரவேற்க என்னால் இயலவில்லை.

முன்மாதிரியாகக் காட்டப்படும் பாண்டி பஜார் வளாகம், சீர்மிகு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவில் அமைக்கப்பட்டு, 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. நடைபாதை அகலமானது, கைத்தடி ஊன்றி நடக்கும் என் அக்கா அங்கே யாருடைய கையையும் பிடிக்காமல் நடந்ததை நான் நேரில் கண்டேன், அந்த நன்மையை மறுக்க மாட்டேன். ஆனால், திறந்த இரண்டே ஆண்டுகளில், 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்கள் நாள்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தன. அப்பகுதியின் மழைநீர் வடியும் மாம்பலம் கால்வாயில் நடந்த பணிகளின் இடிபாடுகள் நீரோட்டத்தை அடைத்ததாகப் புகார் எழுந்தது. சீர்மிகு நகரப் பணிகளை விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் அரசு குழு அமைத்தது. அந்த நடைபாதையால்தான் வெள்ளம் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மேலே கல் பதிப்பதில் இருந்த வேகம், கீழே தண்ணீர் வடிய வேண்டிய வழியில் இல்லை என்பதே என் வருத்தம். மேடு பள்ளமற்ற தாழ்ந்த நிலமான வடசென்னையில் இந்தத் தவறு நேர்ந்தால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

பராமரிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் அழகாகச் சிமென்ட் கல் பதித்தார்கள். ஓரிரு மாதத்தில் கேபிள் பதிக்க வந்தவர்கள் அதைப் பெயர்த்தெடுத்து, அடியில் மணலைச் சமன்செய்யாமலேயே கற்களைத் திரும்ப அடுக்கிவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் மழை விட்ட மறுநாள் அந்தக் கல்லின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை தூக்கி, அடியில் தேங்கிய சேற்றுநீர் முழங்கால் வரை பீய்ச்சியடிக்கிறது. பதித்தவர் யார், பெயர்த்தவர் யார், சரிசெய்ய வேண்டியவர் யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது சாலையோர வியாபாரிகளின் நிலை. எம்.சி. ரோட்டுக்கு ஊர் ஊராக மக்கள் வருவது பெரிய ஜவுளிக் கடைகளுக்காக மட்டுமன்று. தார்ப்பாய் விரித்து நைட்டியும் பாவாடையும் குழந்தைத் துணியும் குவித்து விற்கும் பெண்களுக்காகவும்தான். 2013-இல் பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைக்காரர்களை வணிக வளாகத்துக்கு மாற்றியபோது, படியேறி வந்து வாங்க ஆளில்லை என்று அவர்கள் முறையிட்டதை நாம் மறந்துவிடக் கூடாது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பை முடித்து எல்லா வியாபாரிகளுக்கும் சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. சாலையோர வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. கணினியில் வரைந்து வெளியிடப்படும் அழகுப் படங்களில் மரமும் விளக்கும் இருக்கையும் இருக்கின்றன. தார்ப்பாய் விரித்த ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆகவே, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே, இந்தத் தெருவின் மழைநீர் எந்த வடிகால் வழியாக எங்கே போய்ச் சேரும் என்பதைக் காட்டும் வரைபடத்தையும், வியாபாரிகளின் கணக்கெடுப்புப் பட்டியலையும், முதல் 10 ஆண்டுகளுக்கான பராமரிப்பு நிதியையும் பொறுப்பாளரையும் பற்றிய விவரத்தையும் பகுதி அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். தோண்டும் தேதியையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரம்ஜான், தீபாவளி, பொங்கல் ஆகிய மூன்று பருவ விற்பனையை நம்பித்தான் இங்குள்ள சிறு கடைக்காரர்கள் ஆண்டு முழுவதற்கும் கடன் வாங்கிச் சரக்கு எடுக்கிறார்கள். அந்த வாரங்களில் கடை வாசலில் பள்ளம் கிடந்தால், வாங்கிய கடனுக்கு அவர்கள் வட்டி மட்டுமே கட்டிக்கொண்டிருக்க நேரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை–21.