மர்மத்தைப் பிள்ளைகளே உருவாக்கட்டும்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகத்தாருக்கும் அறிவியல் துறைப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். பார்வையாளர்கள் வருவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் ஆய்வகத்தின் பக்கத்து அறையைச் சுத்தம் செய்தபோது என் மாணவர்கள் செய்து வைத்திருந்தவை குப்பைக்குப் போனது உங்களுக்குத் தெரியும், யார் சொல்லி நடந்தது என்பதும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தடய அறிவியலை வைத்து ஒரு கற்பனைக் குற்ற மர்மத்தை உருவாக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுங்கள். அது முடியும்வரை யாரும் கைவைக்காத ஒரு அறையையும் கொடுங்கள். வேலையை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வாங்கித் தருவதாகச் சொன்ன, தடயங்களும் விடையும் தயாராகவே வரும் ரெடிமேட் பெட்டி எங்களுக்கு வேண்டாம்.

அன்றைக்குக் குப்பைக்குப் போனவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு தட்டில் ஈரமண், அதில் ஒரு ஷூ தடம், தடத்தின் மேல் அப்போதுதான் ஊற்றியிருந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் சேறும் சுண்ணாம்பும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதையின் முடிச்சே அதில்தான் இருந்தது. சந்தேகப்படும்படி அவர்கள் படைத்த நான்கு பேரில் இரண்டு பேருக்கு ஒரே அளவு, ஒரே மாதிரி ஷூ. தடத்தின் அளவையும் அடிப்பாகத்தின் கோலத்தையும் மட்டும் பார்க்கிறவர் இந்த இருவருக்கு நடுவில் மாட்டிக்கொள்வார். ஒருவரின் ஷூவில் குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருக்கும், நடுவில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டும் இருக்கும். அந்த வெட்டு அச்சில் விழ வேண்டும் என்பதற்காக மண்ணைச் சலித்து, தண்ணீர் அளவை மாற்றி மாற்றி, எத்தனையோ அச்சுகள் உடைந்த பிறகு சரியாக வந்தது அது. அப்படி ஒரு அச்சை மண்ணிலிருந்து எடுக்கவே அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், நன்றாகக் கெட்டிப்பட ஒரு நாளாவது வேண்டும். எங்கள் பாடவேளை நாற்பது நிமிடம். மணி அடித்ததும் அடுத்த வகுப்பு உள்ளே வந்துவிடும், அதனால்தான் பள்ளி முடிந்த பிறகு ஊற்றினார்கள், கதவில் 'தொடாதீர்கள்' என்று எழுதியும் ஒட்டினார்கள். மறுநாள் காலையில் அறை சுத்தமாக இருந்தது, தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கழுவிய பணியாளர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் சொன்னதைச் செய்தார். சொல்வதற்கு முன்னால் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆற்றாமை.

மர்மத்தை உருவாக்குவது விளையாட்டு, அதைத் துப்பறிவதுதான் பாடம் என்று கூட்டத்தில் சொல்லப்பட்டது. இது தலைகீழ். துப்பறிகிறவருக்கு ஒரு சோதனை எப்படிச் செய்வது என்று தெரிந்தால் போதும். தடயத்தை வைக்கிறவருக்கு அந்தச் சோதனை எங்கே தோற்கும் என்பதும் தெரிய வேண்டும், இல்லையென்றால் கதை அவர் காலடியிலேயே சரிந்துவிடும்.

பேனா விஷயத்தையே பாருங்கள். நூலகத்திலிருந்து ஒரு பழைய வரைபடம் காணாமல் போகிறது, அந்த இடத்தில் ஒரு மிரட்டல் சீட்டு கிடக்கிறது, இதுதான் கதை. சீட்டின் மையை குரோமட்டோகிராபியில் (மையில் கலந்திருக்கும் சாயங்களைத் தாளில் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) பிரித்துப் பார்த்தால் எழுதியது யாருடைய பேனா என்று தெரிந்துவிடும் என்று முதலில் எழுதி வைத்தார்கள். வடிதாளை வெட்டி, கறுப்பு மையால் புள்ளி வைத்து, அடி விளிம்பு மட்டும் தண்ணீரில் படும்படி நிறுத்தினார்கள். பால்பாயிண்ட் பேனாவின் புள்ளி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அந்த மை எண்ணெய்ப் பசை கொண்டது, தண்ணீரில் கரையாது, ஆல்கஹால் வேண்டும். ஸ்கெட்ச் பேனாக்களின் கறுப்பு அழகாகப் பிரிந்து நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக ஏறியது. ஆனால் வேறு வேறு கம்பெனிப் பேனாக்கள் இரண்டு அச்சு அசலாக ஒரே கோலத்தைக் காட்டின. இதில் கதை எழுதிய மாணவி அழுதேவிட்டாள். அப்புறம் அவளே உட்கார்ந்து மாற்றி எழுதினாள்: மை சோதனை இரண்டு பேரை விலக்கும், மீதி இரண்டு பேரில் யார் என்று அது சொல்லாது, அதற்கு ஷூ தடம் வேண்டும். ஒரு சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் அவள் நோட்டில் ஒரு வரியாகக் கிடந்திருக்கும், அவ்வளவுதான்.

இரத்தத்துளிக்கும் இதே பாடுதான் (உண்மையான இரத்தம் இல்லை, கிளிசரினில் சாயம் கலந்தது). துளி சாய்வாக விழுந்தால் கறை நீளும், கறையின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் விழுந்த கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும், அகலம் நீளத்தில் பாதி என்றால் 30 டிகிரி. முக்கோணவியல் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த பையன் ஸ்கேலை வைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளந்தான். அவன் சுவரில் ஒட்டியிருந்த ஒப்பீட்டுத் தாளும் அன்றைக்கே கிழிக்கப்பட்டது.

பிள்ளைகளுக்குக் குற்றம் செய்யக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் என்னை மிகவும் வருத்தியது. இந்தக் கதையில் யாரும் சாகவில்லை என்பது ஒருபக்கம் இருக்கட்டும். தடய அறிவியலின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே அது யாருக்காக இருக்கிறது என்று தெரியும். இங்கிலாந்தில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கில், விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸ் 1984-இல் கண்டுபிடித்த, மரபணுவை வைத்து ஆளை அடையாளம் காணும் டி.என்.ஏ. முறை முதலில் செய்த வேலை குற்றவாளியைப் பிடித்தது அல்ல. அந்தக் கொலைகளில் ஒன்றைத் தான்தான் செய்ததாகப் போலீசிடம் ஒப்புக்கொண்டிருந்த ஒரு பதினேழு வயதுப் பையனை நிரபராதி என்று காட்டியது. உண்மைக் குற்றவாளிக்கு 1988-இல்தான் தண்டனை கிடைத்தது. மறுபக்கமும் உண்டு. 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகையை அமெரிக்காவில் இருந்த ஒரு வழக்கறிஞருடையது என்று அந்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் நிபுணர்களே உறுதியாகச் சொன்னார்கள், அவரைக் காவலிலும் வைத்தார்கள், அந்த ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்த பிறகுதான் தவறு வெளியே வந்தது. 2009-இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகத்தின் அறிக்கை, டி.என்.ஏ. ஆய்வைத் தவிர வேறெந்தத் தடயவியல் முறையும் ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரே நபரோடு மிக உறுதியாக இணைக்க முடியும் என்று கறாராக நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியது. தாங்கள் உருவாக்கிய நான்கு பேரில் மூன்று பேர் நிரபராதிகள் என்று தெரிந்துகொண்டு, அந்த மூவரும் எப்படியெல்லாம் மாட்டிக்கொள்ளக்கூடும் என்று வாரக்கணக்கில் யோசித்த பிள்ளைகள் இவற்றைக் கேட்டபோது அறையில் சத்தமே இல்லை. இதையா குற்றம் கற்றுக்கொடுப்பது என்கிறீர்கள்?

நீங்கள் காட்டிய அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கைரேகை அட்டையில் அச்சிட்டே வருகிறது, பொடி தூவி எடுக்கும் வேலை இல்லை. கண்ணாடிக் குவளையில் தெளிவாக எழும் ரேகை துணியில் ஏன் எழ மறுக்கிறது என்ற கேள்வியே அதில் பிறக்காது. சந்தேக நபர்கள் தயார், விடை கடைசிப் பக்கத்தில் தயார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விடை வரும், மதிப்பெண் போட வசதி. நம்முடைய செய்முறை நோட்டுகளின் கதையும் இதுதானே? சோதனை செய்வதற்கு முன்பே முடிவை எழுதிவிடுகிற பழக்கத்தை நாமே வளர்த்துவிட்டோம். வராத முடிவை வந்ததாக எழுதினால் முழு மதிப்பெண், 'எனக்கு இப்படி வரவில்லை' என்று நேர்மையாக எழுதினால் சிவப்பு மை. எத்தனை வருடமாக இதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்! பார்வையாளர்களுக்குக் காட்டப் பளபளப்பான அறை வேண்டும், அதில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை.

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மீது மரியாதை இல்லாமல் இல்லை. இந்த வேலைக்கு முதலில் அனுமதி கொடுத்தவர்களும் நீங்கள்தான், அதை நான் மறக்கவில்லை.

கேட்பது பெரிய செலவு இல்லை. மர்மத்தைப் பிள்ளைகளே உருவாக்க விடுங்கள். மாடியில் பழைய மேசைகள் போட்டு வைத்திருக்கும் அறை போதும், நாங்களே ஒழித்துக்கொள்கிறோம். மூன்று வாரம் அதைப் பூட்டி வைக்க அனுமதி வேண்டும், உள்ளே யார் எப்போது போனார், எந்தப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பிள்ளைகளே பதிவேடு வைப்பார்கள், தடயவியலில் அதுவும் ஒரு பாடம்தான். முடிந்ததும் எட்டாம் வகுப்பு வந்து துப்பறியட்டும். நீங்களும் வாருங்கள், விடையை முன்கூட்டிச் சொல்ல மாட்டோம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில் சொன்னால் நன்றாக இருக்கும். திங்கட்கிழமை மறுபடி மண் சலிக்க ஆரம்பிக்க வேண்டும். மாடி அறைச் சாவியை யாரிடம் வாங்கிக்கொள்வது என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை