ஹுசர்ல் பேச்சுக்கு கை கொடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை ஃபினாமினாலஜிங்கற தத்துவத்தை ஆரம்பிச்சு வெச்ச ஜெர்மன் தத்துவவாதி எட்மண்ட் ஹுசர்ல் பத்தி நான் ஒன்றரை மணி நேரம் உளறினதை எழுந்து போகாம கேட்டீங்களே, அதுக்கே முதல் நன்றி.

அடுத்து எங்க அத்தைக்கு. கவர்மெண்ட் ஆபீஸ்ல ஸ்டெனோவா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஹுசர்ல் கைப்பட எழுதின ஒரு பக்கத்தை பிரிண்ட் எடுத்து காட்டினேன், கண்ணாடியை ஏத்திவிட்டு பாத்துட்டு "இது நாங்க படிச்ச பிட்மன் ஷார்ட்ஹேண்ட் இல்லடா, நம்மது கோடும் வளைவுமா நிக்கும், இது கையெழுத்தாட்டம் ஓடுது"ன்னாங்க. கரெக்ட், அது காபெல்ஸ்பெர்கர்னு ஒரு ஜெர்மன் சுருக்கெழுத்து. "என் ஷார்ட்ஹேண்டையே ஒரு மாசம் கழிச்சு படிக்க நான் திணறுவேன், இதை அடுத்தவங்க எப்படிடா படிச்சாங்க"ன்னு கேட்டாங்க பாருங்க, அப்பதான் ஹுசர்ல் இப்படி எழுதி வெச்சுட்டுப் போன 40,000 பக்கத்தோட கனம் எனக்கு உறைச்சுது. அவருக்கு அசிஸ்டெண்டா இருந்து அந்த எழுத்து பழகின லாண்ட்கிரேபவும் ஃபிங்க்கும் 1939ல பெல்ஜியத்துல லூவன் போய் உக்காந்து படிச்சு எழுதலேன்னா அதுல பெரும்பகுதி வெறும் கிறுக்கலாவே கிடந்திருக்கும்.

ஸ்லைடு சரிபாத்த தம்பிக்கு பெரிய நன்றி, மானத்தை காப்பாத்தினான். அந்த காகிதங்களை நாஜி ஜெர்மனிலேந்து வெளிய கொண்டுவந்த பாதிரியார் வான் பிரெடாவை ஹுசர்லோட ஸ்டூடண்ட்னு போட்டு வெச்சிருந்தேன். ஆளையே நேர்ல பாத்ததில்லையாம். ஹுசர்ல் 1938 ஏப்ரல்ல இறந்துட்டாரு, இவரு ஆகஸ்ட் கடைசில ஆராய்ச்சிக்காக ஃப்ரைபுர்க் வர்றாரு, 27 வயசு, வந்து ஹுசர்லோட மனைவி மால்வினே அம்மாவை பாத்து, காகிதங்களை சூட்கேஸ்ல அடைச்சு, பெர்லின்ல பெல்ஜியம் எம்பசி வழியா அனுப்பி வெச்சிருக்காரு. யூதராப் பிறந்தவர்ங்கறதால 1933லயே யுனிவர்சிட்டி கதவை சாத்தின மனுஷனுக்கு, எங்கிருந்தோ வந்த ஒரு சாமியார்.

கணக்கு டீச்சர் அக்காவுக்கும் நன்றி. கணக்குல டாக்டரேட் வாங்கின ஹுசர்ல், பிரென்டானோங்கற தத்துவப் பேராசிரியரோட கிளாஸ்ல உக்காந்து தத்துவத்துக்கு தாவினதை, அப்புறம் ஜெர்மனில ஹாலே யுனிவர்சிட்டில நிரந்தர வேலை இல்லாம 14 வருஷம் ஓட்டினதை அவங்கதான் விடாம சொல்ல வெச்சாங்க. கெஸ்ட் லெக்சரரா இருந்தவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்போல.

அப்புறம் டீ கொண்டுவந்த அண்ணன். ஃபினாமினாலஜின்னா, அதாவது பொருள்கள் நம்ம அனுபவத்துல எப்படி தோணுதுன்னு ஆராயறதுன்னா என்னன்னு சொல்ல நான் திக்கித் திணறினப்போ அவர் வெச்ச டம்ளர்தான் காப்பாத்துச்சு. நமக்கு தெரியறது ஒரு பக்கம்தான், ஆனா நாம பாக்கறது முழு டம்ளரை, அது எப்படின்னு கேட்டவுடனே ஹால்ல பாதிப்பேர் தலையை சாய்ச்சு டம்ளருக்கு பின்னாடி எட்டிப் பாத்தீங்க!

பிரிண்ட் அவுட்டை அத்தை இன்னும் திருப்பித் தரல. பழைய பிட்மன் புக்குள்ள வெச்சிருக்காங்க, இருக்கட்டும்.