பழைய வேட்டியில் தைத்த பைகளுக்கு நன்றி

மினியாப்பொலிஸ் நண்பர்களுக்கு வணக்கம்.

ஜனவரியில் ஒரே வீட்டிலிருந்து பறிமுதலான 37 ஊர்வனவற்றில் கடைசிப் பாம்பும் போன ஞாயிறு புது வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊர்வன ஆர்வலர் குழு ஆங்கிலத்தில் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டது. நம்மவர்களுக்குத் தமிழில் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

நாய், பூனை என்றால் காப்பகத்தில் கூண்டு இருக்கும். பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்புக்கோ கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி சூடு வேண்டும், மறுபக்கம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பியர்டட் டிராகன் என்ற பல்லி இனத்துக்குப் புற ஊதா விளக்கு இல்லையென்றால் எலும்பே வளைந்துவிடும். அதனால்தான் எங்களைப் போன்ற பைத்தியங்களைக் கூப்பிடுகிறார்கள்.

பறிமுதல் நடந்த அன்று வெளியே மைனஸ் 24 டிகிரி. அரை மணி முன்பே காரைச் சூடாக்கி, தெர்மகோல் பெட்டியில் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வைத்துக் காத்திருந்த ஆறு பேருக்கும் முதல் நன்றி.

பேரனைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, பழைய வேட்டிகளைக் கிழித்து பாம்புகளைப் போட்டுக் கொண்டுவர ஒரே இரவில் 30 பைகள் தைத்துக் கொடுத்தார். உள்ளே நூல் பிசிறு இருந்தால் பாம்பின் பல்லில் மாட்டும் என்றேன். தையலை எல்லாம் வெளிப்பக்கமாக வைத்துவிட்டார். "பால் ஊத்த வேண்டாமாப்பா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம், அது எலிதான் தின்னும் என்றதும் முகம் கொஞ்சம் வாடியது.

எலி என்றதும் அந்தச் சைவக் குடும்பம் நினைவுக்கு வருகிறது. உறைந்த எலிகளுக்காகக் கராஜில் தனி ஃப்ரீசர் வாங்கினார்களே, அவர்களுக்கு என்ன சொல்ல!

உரிமையாளர் ஏப்ரலில் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடும்வரை அந்த ஊர்வனவெல்லாம் வழக்கின் சாட்சியம். யாருக்கும் தர முடியாது. உண்ணி, நோய் பரவாமலிருக்க எப்படியும் மூன்று மாதம் தனியாக வைக்கத்தான் வேண்டும். விளையாட்டு அறையைப் பூட்டிக்கொடுத்த குழந்தைகளுக்கும், தன்னிடமிருந்த பாம்பைப் பற்றி "இன்னும் சாப்பிடலை அண்ணா" என்று 11 வாரம் விடாமல் செய்தி அனுப்பிய தம்பிக்கும் நன்றி. பன்னிரண்டாம் வாரம் அது சாப்பிட்டது.

ஒரு மன்னிப்பும் உண்டு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பத் தட்டை ஒரு வீட்டுக்குக் கொடுத்தது என் தப்பு. வயிறு வெந்த அந்தப் பாம்புக்குக் காசு வாங்காமல் மருந்து போட்ட டாக்டரம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஐந்தடிக்கு மேல் வளரும் இகுவானா என்ற பெரிய பல்லியை யாரும் கேட்கவில்லை. அது இப்போது என் வீட்டு அலுவலக அறையில் இருக்கிறது. நான் சமையலறையில் வேலை பார்க்கிறேன்.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். திரும்பி வந்த பைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.