கார்த்திக்கு: பத்து ஸ்கின்னைக் கொடுப்பதற்கு முன்

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள கார்த்தி,

நீ அனுப்பிய ஷீட்டைப் பார்த்தேன். கவுன்டர் ஸ்டிரைக் 2 ஆட்டத்தில் டிரேட் அப் போடப் போகிறாய், அதாவது ஒரே தரத்தில் பத்து ஸ்கின் (ஆயுதத்துக்கான அலங்காரம்) கொடுத்து அடுத்த தரத்தில் ஒன்றைக் குலுக்கலில் பெறுவது: ஒரு கலெக்‌ஷனிலிருந்து இரண்டு ஸ்கின், மீதி எட்டும் ஃபில்லர் (இடத்தை நிரப்ப வேறொரு தொகுப்பிலிருந்து எடுக்கும் மலிவான ஸ்கின்), செலவு 1,000 ரூபாய். "பத்தில் இரண்டு, அதாவது 20 சதவீதம், அந்தக் கலெக்‌ஷனில் மூன்று ஸ்கின் வரலாம், ஆகவே எனக்கு வேண்டியது வரும் வாய்ப்பு 6.7 சதவீதம்" என்று எழுதியிருக்கிறாய். விடையும் தப்பு, வழியும் தப்பு. நல்ல வேளையாக உனக்குச் சாதகமான தப்பு.

நீ போடும் ஒவ்வொரு ஸ்கின்னும், தன் கலெக்‌ஷனில் அடுத்த தரத்தில் எத்தனை ஸ்கின் உண்டோ அத்தனை சீட்டைக் குலுக்கலில் போடுகிறது. தி.நகர் ஜவுளிக்கடைத் தீபாவளிக் கூப்பன் மாதிரிதான். கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை, பெட்டியில் எத்தனை கூப்பன் விழுந்தது என்பதே கணக்கு. உன் இரண்டு ஸ்கின்னுக்கும் மும்மூன்று சீட்டு, மொத்தம் 6. ஃபில்லர் கலெக்‌ஷனில் அடுத்த தரத்தில் ஒரே ஒரு ஸ்கின்தான் என்பதால் எட்டுக்கும் 8 சீட்டு. ஆக மொத்தம் 14. நீ கேட்கும் ஸ்கின்னின் பெயரில் 2 சீட்டு. 2/14, அதாவது 14.3 சதவீதம்.

இதே இடத்தில் அடுத்த தரத்தில் நான்கு ஸ்கின் உள்ள ஃபில்லரைப் போட்டிருந்தால் 6 + 32 = 38 சீட்டு. உன் வாய்ப்பு 5.3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஃபில்லர் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பத்து ரூபாய் மலிவு என்று எடுத்த ஃபில்லர் வாய்ப்பில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

இனி பணம். உன் ஷீட்டில் உள்ள விலைகளையே எடுத்துக்கொள்கிறேன்: வேண்டியது 6,000, அதே கலெக்‌ஷனின் மற்ற இரண்டும் 900, 700, ஃபில்லர் பக்கம் வருவது 250. ஒவ்வொன்றையும் அதன் சீட்டு எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டு: 12,000 + 1,800 + 1,400 + 2,000 = 17,200. அதை 14-ஆல் வகுத்தால் 1,229 ரூபாய். 229 லாபம் என்று துள்ளாதே. ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் மார்க்கெட்டில் விற்றால் ஸ்டீமுக்கு 5, ஆட்டத்துக்கு 10 என்று விற்பவர் தொகைக்கு மேல் 15 சதவீதம் ஏறும். வாங்குபவர் 115 கொடுத்தால் உனக்கு 100. அதனால் 1.15-ஆல் வகுக்க வேண்டும். 15 சதவீதம் கழித்தால் விடை கொஞ்சம் பிசகும். 1,229 இப்போது 1,068 ஆகிறது. லாபம் 68. அதுவும் ஸ்டீம் வாலட்டில்தான் கிடக்கும், வங்கிக்கு வராது.

அந்த 68-ஐயும் நம்பாதே. 6,000 ரூபாய் ஸ்கின் 5,400-க்கு இறங்கினால் சராசரி 994 ஆகிவிடும், நஷ்டம். வாரத்துக்கு இரண்டோ மூன்றோதான் விற்கிற ஸ்கின் என்றால் திரையில் தெரியும் விலையில் அர்த்தமில்லை. வாங்குவோர் கேட்டு வைத்திருக்கும் உச்ச விலையை எடுத்துக்கொள். விதியும் மாறும். 2025 அக்டோபரில் ஐந்து சிவப்புத் தர (கத்தி, கையுறைக்கு அடுத்தபடியான தரம்) ஸ்கின் கொடுத்துக் கத்தியோ கையுறையோ பெறலாம் என்று வால்வ் கொண்டுவந்ததும் சிவப்புகள் விலை ஏறின, கத்திகள் விலை சரிந்தன. கத்தியைச் சேமிப்பாக நினைத்து வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

உன் ஷீட்டில் இல்லாதது ஃப்ளோட், அதாவது ஸ்கின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று 0 முதல் 1 வரை காட்டும் எண். 6,000 என்பது மினிமல் வேர் (குறைந்த தேய்மானம்) விலை. ஃப்ளோட் 0.07 முதல் 0.15-க்குள் இருந்தால்தான் மினிமல் வேர், 0.15-ஐத் தொட்டுவிட்டால் ஃபீல்ட் டெஸ்டட், விலையே வேறு. வரும் ஸ்கின்னின் ஃப்ளோட் எல்லை 0.06 முதல் 0.80, நீ போடும் ஸ்கின்களின் எல்லை 0 முதல் 1 என்று வைத்துக்கொள்வோம். பத்து ஃப்ளோட்டின் சராசரியை 0.74-ஆல் (0.80-இல் 0.06 போக) பெருக்கி 0.06 கூட்டினால் வருவது விடை. பத்தும் 0.12 என்றால் 0.1488, மினிமல் வேர். ஒன்பது 0.12-ஆக இருந்து பத்தாவது மட்டும் 0.17 என்றால் சராசரி 0.125, விடை 0.1525, ஃபீல்ட் டெஸ்டட். ஒரே ஒரு ஸ்கின்னால் கதை கந்தல். இந்த எல்லைக்கு உன் சராசரி 0.1216-க்குக் கீழே நிற்க வேண்டும். விடை 0.07-க்குக் கீழே வந்து ஃபேக்டரி நியூ (புத்தம் புதியது) ஆக வேண்டுமென்றால் சராசரி 0.0135-க்குக் கீழே. அவ்வளவு சுத்தமான பத்தைத் தேடி வாங்கும் செலவில் லாபம் கரைந்தே போய்விடும். அந்த ஆசையை இப்போதே விட்டுவிடு. ஸ்கின்னுக்கு ஸ்கின் எல்லை மாறும். உன் ஸ்கின்னின் எல்லையைப் பார்த்துப் போடு, என் எண்ணைக் காப்பி அடிக்காதே.

2/14 என்றால் ஏழில் ஒன்று. "ஆக ஏழு முறை போட்டால் ஒன்று நிச்சயம்" என்று நினைத்துவிடாதே, கண்ணா, அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் தவறும் வாய்ப்பு 6/7. ஏழு முறையும் தவறும் வாய்ப்பு 34 சதவீதம். பத்து முறை போட்டாலும் 21. மற்ற மூன்றில் எது வந்தாலும் நஷ்டம்: 250 வந்தால் கைக்கு 217, 900 வந்தால்கூட 783. அதனால் சராசரி லாபம் 68 ரூபாய் என்றாலும், ஏழாயிரம் போட்டு வேண்டிய ஸ்கின் ஒருமுறைகூட வராமல் மூன்றில் ஒருவர் நிற்பார். காசு கொடுத்து ஆட்டத்துப் பெட்டியைத் திறந்து, வருவதை எடுத்துக்கொள்வதைவிட இது மேல், அதை ஒப்புக்கொள்கிறேன். சீனாவில் 2017-இல் வெளியான விகிதப்படி பெட்டியில் கத்தி வகை வருவது 0.26 சதவீதம். டிரேட் அப்பில் சீட்டை நீயே எண்ண முடிகிறது.

ஸ்டேட்ட்ராக் (வீழ்த்திய எதிரிகளை எண்ணிக் காட்டும்) ஸ்கின்னையும் சாதாரண ஸ்கின்னையும் கலந்து போட முடியாது என்பது உனக்கே தெரியும். டிரேட் அப் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட்ட பிறகு திரும்பப் பெறவும் வழியில்லை. ஆகவே ஷீட்டில் ஃப்ளோட்டுக்கு ஒரு பத்தி, சீட்டுக்கு ஒரு பத்தி, 1.15-ஆல் வகுத்த விலைக்கு ஒரு பத்தி சேர். பத்து ஃப்ளோட்டையும் நான்கு தசம இடம் வரை எழுதி எனக்கு அனுப்பு. 0.15-க்கு மிக அருகே வந்தால் எந்த ஃபில்லரை மாற்றுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா